மஞ்சள் தடவ வேண்டாத பத்திரிகை

நான் கல்யாணப் பத்திரிகை தின்றிருக்கிறேன். ஒன்றல்ல, மூன்று. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல், மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அழுதுகொண்டே தின்றேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். கடலை உருண்டையைக் கண்டாலே பல் யோசிக்கிறது.

என் வயதுக்காரர்களான உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு அதிக வெட்கமில்லை. உங்களில் சிலேட்டுக் குச்சி தின்னாதவர்கள், சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டி நக்காதவர்கள் முதலில் கை தூக்குங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் சிலேட்டுக் குச்சியை நம்பி ஒரு கல்யாணம் இருந்திருக்காது. என் பத்திரிகைகளை நம்பி இருந்தது. என் சித்தப்பாவின் கல்யாணம்.

எங்கள் ஊர் திருவரங்குளம். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததற்கு மறுவருஷம் நடந்தது இது. சித்தப்பா சமஸ்தானத்து ஆபீஸ் ஒன்றில் எழுத்தராகச் சேர வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கையெழுத்தை அழகுபடுத்திக்கொண்டிருந்தார். கையெழுத்து அழகானபோது சமஸ்தானம் இல்லை. வேலை கிடைக்காதவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேலைக்கு மனுப் போடுவதற்குள் ராஜ்யமே எடுபட்டுப்போன மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அப்பா கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். அதனால் வீட்டில் அதிகாரம் அம்மாவிடமும் யோசனைகள் சித்தப்பாவிடமும் இருந்தன. அவருடைய யோசனைகளை அம்மா, வெளியே மழை பெய்வதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

யுத்தம் முடிந்தும் காகிதத் தட்டுப்பாடு முடியாத காலம். புதுக்கோட்டையில் அச்சாபீஸ்காரர், கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம், "தாள நீங்க கொண்டாங்க, எழுத்த நான் தாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதே தெருவில் பழைய பேப்பர் வியாபாரி ஒருவர் கடையில், இனி யாரும் நிரப்பப்போகாத சமஸ்தானத்து ஃபாரங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்த சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் மாட்டு வண்டியில் ஃபாரங்கள் வந்து இறங்கின. டெல்லியில் பெரியவர்கள் சமஸ்தானங்களைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பங்குக்கு நாங்கள் ஒன்றை மாட்டுத் தொட்டியில் கரைத்தோம்.

வெறும் தாள் செய்வது சித்தப்பாவின் நோக்கமல்ல. கல்யாணப் பத்திரிகை வந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பது நம் வழக்கம் அல்லவா? தாளுக்குள்ளேயே மஞ்சள் இருந்துவிட்டால்? தடவுகிற வேலையும் மிச்சம், பார்க்கவும் மங்களம். அதற்கு 'மங்களத் தாள்' என்று பெயரும் வைத்துவிட்டார். தாளைத் தவிர மற்றதெல்லாம் தயாராக இருந்தது.

கிராமக் கைத்தொழில் பற்றிய ஒரு சிறு புத்தகம் அவரிடம் இருந்தது. பழைய தாளின் நார் நைந்துபோயிருக்கும், புது நார் கலக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. புது நாருக்குச் சித்தப்பா கண்டுபிடித்த வழி, வீட்டிலும் பந்தியிலும் மிஞ்சும் கழிவு. வாழைக்காய்த் தோல், சாப்பிட்டுப் போட்ட இலையின் நடுநரம்பு, பலாப்பழத்தில் சுளை எடுத்தபின் மிஞ்சும் சடை. எங்கள் மாடுகள் இரண்டும் அந்த ஆண்டு இளைத்தன.

இந்த நேரத்தில்தான் பெண் பார்க்கப் போனோம். அறந்தாங்கியில் புளி மண்டி வைத்திருந்தவரின் மகள். மண்டிக்காரர் எங்கள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"தம்பி என்ன செய்யிறாப்ல?"

"காகிதம் செய்யிறேங்க."

"காகிதத்துல என்ன செய்யிறீங்க?"

"காகிதமே செய்யிறேங்க."

"எதுலேருந்து?"

"பழைய தாளு, வாழக்காத் தோலு, பலாச் சடை..."

"அதெல்லாம் மாட்டுக்குல்ல போடுவாக?"

"மாட்டுக்குப் போட்டா சாணிதானுங்க கெடைக்கும்."

அம்மா சித்தப்பாவைக் கிள்ளப் போனாள். தவறி என் தொடையில் கிள்ளிவிட்டாள். நான் கத்திக்கொண்டு எழுந்து சமையற்கட்டுப் பக்கம் ஓடினேன். அங்கே கதவுக்குப் பின்னால் நின்ற பெண் என் கையில் ஒரு அச்சுவெல்லத்தைத் திணித்து, காதில் சொன்னாள்: "அந்தத் தாளு மழையில நனஞ்சா என்னாகும்னு கேட்டுட்டு வா."

நான் கூடத்துக்கு வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன். சித்தப்பாவின் காது சிவந்தது. அதுவரை அவருடைய யோசனைகளைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. உருப்படியாக ஒரு கேள்வி கேட்டவர் யாருமில்லை. அந்த இடத்தில் விழுந்தவர்தான்; அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

மண்டிக்காரர் முடிவைச் சொன்னார். "ஆவணில முகூர்த்தம் வச்சுக்கிருவோம். எம் பொண்ணு பத்திரிகைய ஒங்க தாள்லயே அடிச்சுக் கொண்டாங்க தம்பி. ஆடி முடியிறதுக்குள்ள வந்துச்சுன்னா பொண்ணு ஒங்க வீட்டுக்கு. வரலேன்னா எந் தங்கச்சி மகன் மிலிட்டரில இருக்கான். அவன் என்ன செய்யிறான்னு கேட்டா எனக்கு வெளங்கும்."

பஸ்ஸில் திரும்பும்போது சித்தப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "கஞ்சி." கஞ்சி தடவினால் தாள் நனையாது என்று அவருக்குத் தோன்றியிருந்தது. எங்கள் வீட்டுக் கஞ்சியும் அன்றோடு மாடுகளுக்கு நின்றது.

ஆனி மாதம் முழுக்க வீட்டில் உலக்கை இடித்துக்கொண்டே இருந்தது. ஊறிய தாளையும் நாரையும் உரலில் போட்டுக் குத்தும் சத்தம் நெல் குத்துவதுபோல இருக்காது. சேற்றில் யாரோ நடந்துகொண்டே இருப்பதுபோலச் சளக்சளக்கென்று இருக்கும். கூழைத் தொட்டியில் கலக்கி, பழைய கொசுவலை அடித்த மரச்சட்டத்தை உள்ளே விட்டுத் தூக்கினால், தண்ணீர் வடிந்து ஒரு மெல்லிய ஆடை மிஞ்சும். பால் ஆடையைவிடக் கொஞ்சம் தடிப்பு. அதைத் துணிமேல் கவிழ்த்து, மேலே இன்னொரு துணி, இன்னொரு ஆடை என்று அடுக்கி, பலகை வைத்து அழுத்த வேண்டும். அழுத்துவதற்குச் சித்தப்பாவிடம் இயந்திரம் இல்லை. தெருப் பிள்ளைகள் இருந்தோம். ஆறு பேர் பலகைமேல் வரிசையாக உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வோம். பதினாறாம் வாய்ப்பாடு முடியும்போது தண்ணீர் வடிந்திருக்கும். எனக்கு இன்றும் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னால் பாவாடை பின்புறம் ஈரமாவதுபோல இருக்கும்.

பிறகு சுவரில் ஒட்டிக் காயவைத்து, கஞ்சி தடவி, மறுபடி காயவைத்து, சோழியால் தேய்த்து மெருகேற்ற வேண்டும்.

வாசனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. வாழைக்காய்த் தோல் நாலு நாள் ஊறி, அதோடு பலாச் சடையும் புளித்த கஞ்சியும் சேர்ந்தால் வரும் வாசனையை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. தபால்காரர் எங்கள் கடிதங்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். எங்களுக்குப் பத்தே நாளில் மூக்கு பழகிவிட்டது. அதற்கு மூக்கு செத்துவிட்டது என்று பொருள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மஞ்சள் சேர்த்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரைத்த மஞ்சளைச் சித்தப்பா தொட்டியில் கொட்டிக் கலக்கினார். கூழ் மஞ்சளாகவில்லை, ரத்தச் சிவப்பாயிற்று. சித்தப்பா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அம்மா இடுப்பில் குடத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆரத்தி கரைச்சு வச்சிருக்கீகளே, யாருக்குச் சுத்தப் போறீக?"

"அண்ணி, இது ரசாயனம். சும்மா இருங்க."

"நாரு வேக சுண்ணாம்பு போட்டீகளா?"

"போட்டேன்."

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும்னு பால்குடி மறக்காத புள்ளைக்குத் தெரியும். பத்து வருசத்துக்கு மேலா இந்த வீட்டுல நான் ஆரத்தி கரைக்கிறேன், ஒரு நா திரும்பிப் பாத்திருக்கீகளா?"

உள்ளே போய்ப் புளியைக் கரைத்துக்கொண்டு வந்து தொட்டியில் ஊற்றினாள். பெண் பார்த்துவிட்டு வந்தபோது மண்டிக்காரர் கொடுத்தனுப்பிய புளி. சிவப்பு மெல்ல மெல்லக் கலங்கி, மஞ்சளாகத் திரும்பியது. புத்தகத்தில் புளி இல்லை. சித்தப்பா பென்சிலால் ஓரத்தில் எழுதிச் சேர்த்துக்கொண்டார். 'மூளைக்காரர்' என்று ஊர் அவரைத்தான் சொல்லிற்று. நானும்தான் சொன்னேன். அந்தத் தாளில் உருப்படியான ரசாயனம் முழுவதும் அம்மாவுடையது என்று எனக்கு உறைக்க நாற்பது வருஷம் ஆயிற்று.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. பந்தி என்றால் கருமாதிப் பந்திதான். வாழைக்காய்த் தோல் வேண்டுமென்றால் செத்தவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். சித்தப்பா போனார். சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் எங்கே கருமாதி என்றாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, முதல் ஆளாகப் போய்ச் சமையல் கொட்டகையில் உட்காருவார். கடைசி ஆளாகச் சாக்குமூட்டையோடு திரும்புவார். ஒரு வீட்டில் வாழைக்காய்க்குப் பதில் சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. செத்தவரின் மகன் வந்து அவர் தோளைப் பிடித்து, "அழுகாதீங்க தம்பி. வயசானவுக, நல்ல சாவு" என்று தேற்றினாராம்.

ஆடி பாதியில் காற்று வந்தது. ஆனியில் செய்த தாளெல்லாம் கை பழகவே சரியாகப் போயிற்று; கடைசி ஃபாரங்களில் செய்த மூன்று நாள் உழைப்பு சுவரில் காய்ந்துகொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வானத்தில் மஞ்சள் மஞ்சளாக ஏதோ பறந்தது. முதலில் அழகாக இருந்தது. அப்புறம் புரிந்தது. தெருப் பிள்ளைகள் எல்லோரும் துரத்தினோம். தாள்கள் கோயில் மதிலைத் தாண்டிக் குளத்தில் போய் இறங்கின. கொஞ்ச நேரம் இலைபோல மிதந்தன. பிறகு ஓரம் கரைந்து, நடு கரைந்து, மீன்கள் மொய்த்தன. மழையில் நனைந்தால் என்னாகும் என்று அந்தப் பெண் கேட்ட கேள்விக்குக் குளம் பதில் சொல்லிவிட்டது. கஞ்சி தடவாத தாள்கள்தான் அவை என்று சித்தப்பா கடைசிவரை சாதித்தார்.

ஃபாரங்கள் தீர்ந்துவிட்டன. சித்தப்பா புதுக்கோட்டைக்கு ஓடினார். பழைய பேப்பர் வியாபாரி கையை விரித்தார். "இருந்ததெல்லாம் ஒங்களுக்கே குடுத்துட்டேன் தம்பி. இனி இன்னொரு சமஸ்தானம் போனாத்தான் உண்டு."

திரும்பி வந்த சித்தப்பா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிலிட்டரிக்காரர் அவர் கண்முன் நடைபழகிக்கொண்டிருக்க வேண்டும். மறுநாள், அச்சாபீஸ்காரரிடமாவது கெஞ்சிப் பார்க்கிறேன் என்று மறுபடி கிளம்பினார். ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியவற்றில் உருப்படியானது எதுவும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கருமாதிப் பத்திரிகை வந்தால் அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். வாசலிலேயே நின்று படித்துவிட்டு, கிழித்துப் போடுவார்கள். கிழிக்கச் சோம்பல்பட்டால் வெளிக் கூரையின் எறவானத்தில் செருகிவிடுவார்கள். எங்கள் ஊரில் சோம்பலுக்குப் பஞ்சமில்லை. மூன்று தெருக்களிலும் ஒவ்வொரு கூரையின் விளிம்பிலும், கறுப்புக் கரை போட்ட நல்ல தடித்த தாள்கள் சும்மா இருந்தன. சித்தப்பா எட்டு மைல் சைக்கிள் மிதித்துத் தேடுகிற பொருள், எட்டிப் பறித்தால் கையில்.

பறித்தேன். பாவாடையை மடித்துக் கட்டி நிரப்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதுதான் சட்டம். தொட்டி கொல்லையில் இருக்கிறது. கொல்லை உள்ளே ஆகாது. கரைத்த பிறகு அது கூழ்; கூழுக்கு யார் செத்தார்கள்? இந்தத் தர்க்கத்தில் எனக்கு இன்றும் ஓட்டை தெரியவில்லை. அம்மா வயலுக்குப் போயிருந்த நேரத்தில், வட்டாரத்தில் சமீபத்தில் காலமான பெரியவர்கள் அனைவரையும் உரலில் போட்டுக் குத்தினேன்.

சித்தப்பா வெறுங்கையோடு வந்து தொட்டியைப் பார்த்தார். "ஏது குட்டி இம்புட்டுக் கூழு?"

"பள்ளிக்கூடத்துல பழைய நோட்டுக் குடுத்தாக."

நம்பிவிட்டார். கல்யாணம் வேண்டுமென்று நிற்கிறவர் எதையும் நம்புவார். அந்தத் தாள்கள் காய்ந்தபோது, மஞ்சளில் அங்கங்கே பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. கறுப்புக் கரையின் மிச்சம். சித்தப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பூரித்தார்.

"அண்ணி, எள்ளுத் தெளிச்ச மாதிரி எம்புட்டு அழகு பாருங்க!"

"கல்யாணப் பத்திரிகையில எள்ளா? யாராச்சும் கேட்டா கடுகுன்னு சொல்லுங்க."

அச்சாகி வந்த கட்டு ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தது. மறுநாள் அறந்தாங்கி. ஓரங்களை ஒழுங்குபடுத்திக் கட்டுப்போடும் வேலை எனக்கு. நடுவில் ஒன்றை எடுத்தேன். 'நிகழும் மங்களகரமான' என்ற வரிக்குக் கீழே, தாளுக்குள்ளிருந்து, நகத்தளவு ஒரு வெள்ளைத் துணுக்கு எட்டிப் பார்த்தது. அதில் தெளிவாக 'சிவலோக' என்று இருந்தது.

 கட்டு முழுவதையும் புரட்டினேன். மணமகளின் பெயருக்குப் பக்கத்தில் 'அன்னாரது' என்று ஒன்று. 'சுற்றமும் நட்பும் சூழ' என்பதற்கு நேர் மேலே 'ஆழ்ந்த துக்க' என்று ஒன்று. நான் ஒழுங்காகக் குத்தியிருந்தால் இவை கரைந்திருக்கும். சோம்பல் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

மூன்றையும் உருவிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அடுப்பில் போடலாம் என்றால் அம்மா அங்கே இருக்கிறாள். குளத்தில் போடலாம் என்றால் இவை கஞ்சி தடவியவை, மிதந்து யார் கையிலாவது சிக்கும். புதைத்தால் கோழி கிளறும். தின்றுவிட்டேன். எல்லாம் சாப்பாட்டுப் பொருள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் கடியில் மஞ்சள், அப்புறம் புளிப்பு, அப்புறம் ஒரு கசப்பு. கசப்பு சுண்ணாம்புடையதா, அச்சு மையுடையதா, அன்னாருடையதா என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் எனக்கு வயிறு இரைந்த சத்தம், எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டதாக அம்மா சொல்வாள்.

மண்டியில் புளி மூட்டைகளுக்கு நடுவே மண்டிக்காரர் கட்டைப் பிரித்தார். நடுவிலிருந்து ஒன்றை உருவினார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.  வெகுநேரம் கையை இறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. கண்ணில் நீர் கட்டியது.

நான் விட்டுவிட்ட நாலாவது வார்த்தை அதில் இருக்கிறது, படித்துவிட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.  உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஏப்பம்தான் வந்தது. மஞ்சள் வாசனையோடு.

"சரிங்க மாப்ள" என்றார் மண்டிக்காரர். மாப்ள! "முகூர்த்த வேலையப் பாருங்க." சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

"கண்ணு கலங்கிட்டாரு அண்ணி" என்று சித்தப்பா கிசுகிசுத்தார். "தொழிலோட அருமை தெரிஞ்ச மனுசன்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்துக்கு அடிக்கத் தாள் மிஞ்சவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து வாயால் அழைத்தோம். சித்தப்பா அதற்குப் பிறகு காகிதம் செய்யவில்லை. ஆலைத் தாள் கடைக்கு வந்துவிட்டது. அவர் சோடா கம்பெனி வைத்தார், பினாயில் செய்தார், கடைசியில் மாமனாரின் புளி மண்டியில் உட்கார்ந்து நன்றாகவே பிழைத்தார். நாலு பிள்ளைகள். ஆனால் அந்த வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், ஒரு கூரை ஒழுகினாலும், எனக்குள் 'அன்னாரது' என்று ஏதோ ஒன்று முணுமுணுக்கும். என் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் சித்தப்பாவின் கருமாதிப் பத்திரிகை எனக்குத் தபாலில் வந்தது. வழவழப்பான தாள், அவருக்குப் பிடித்திருக்காது. நான் இருக்கும் வீட்டுக்கு எறவானம் இல்லை. வாசலில் நின்று படித்துவிட்டு, மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகினேன்.

போன தையில் சித்தியைப் பார்க்க அறந்தாங்கிக்குப் போனேன். தன் பேத்தியின் கல்யாணப் பத்திரிகைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. எறவானம், உரல், சிவலோகம், வைக்கோல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஒங்கப்பா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரே சித்தி, அதுல என்ன போட்டிருந்துச்சு?"

சித்தி மஞ்சள் விரலை உயர்த்திக்கொண்டே சிரித்தாள். "அவரு எங்கடி படிச்சாரு? அந்த நாத்தம் தாங்காம மூச்ச அடக்கிக்கிட்டு நின்னாராம். இன்னுங் கொஞ்ச நேரம் நின்னா விழுந்திருப்பேன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிச் சிரிப்பாரு."

"அப்ப எதப் பாத்துப் பொண்ணு குடுத்தாரு?"

"ஆடி மாசம் பூரா ஊரு ஊரா விசாரிச்சாருடி. எந்தக் கருமாதின்னாலும் மொத ஆளா வந்து நிக்கிற பையன், தெரியாதவுக வீட்டுக்குக்கூடப் போயி அழுகுற பையன்னு ஒவ்வொருத்தரும் சொன்னாக. இவன விட்டா வேற ஆளு கெடைக்காதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டாரு."

நான் குத்திக் கரைத்த பெரியவர்கள் எல்லோரும் எனக்கு முன்பே போய்ப் பெண் பேசி முடித்துவிட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷத்துப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. "இருந்தாலும் சித்தி, அந்தப் பத்திரிகையத்தான வீடு வீடாக் குடுத்தீக, அதுதான் எனக்கு..."

"யாரு குடுத்தா?" சித்தி அடுத்த பத்திரிகையை எடுத்தாள். "ஒருத்தருக்கும் குடுக்கல. அந்தக் கட்ட அப்படியே கொல்லைல வெந்நி அடுப்புக்குப் போட்டோம். அதுகூட ஒழுங்கா எரியல."